காலையில் கிளம்பாத பேட்டரி வண்டி, குறையாத மின்கட்டணம்: உள்ளாட்சிகளின் சோலார் சார்ஜிங்கில் பிழை நீக்கும் வழிமுறை

நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வீடு வீடாகக் குப்பை வாங்க பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. அலுவலக மாடியிலோ உரக்கிடங்குக் கொட்டகையிலோ சோலார் தகடுகளும் ஏறிவிட்டன. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வண்டி நின்றுபோனால் பேட்டரி விற்றவருக்குத் தொலைபேசி போகிறது. பில் ஏறினால் சோலார் அமைத்தவருக்குப் போகிறது. அவர் இவரைக் கைகாட்டுவார், இவர் மின்வாரியத்தைக் கைகாட்டுவார். மூன்று மாதம் கழித்து டீசல் வண்டி மறுபடி தெருவுக்கு வந்துவிடும்.

பத்து முதல் முப்பது பேட்டரி வண்டிகள், பத்து முதல் முப்பது கிலோவாட் சோலார் என்ற அளவில் உள்ள உள்ளாட்சிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பழுதுகளில் பெரும்பாலானவை வண்டியிலும் இருப்பதில்லை, தகட்டிலும் இருப்பதில்லை. எந்த நேரத்தில், எந்த ஒயர் வழியாக, எந்த மீட்டரைக் கடந்து மின்சாரம் போகிறது என்பதில்தான் இருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர், ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், அமில பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு நோட்டு போதும். நோட்டில் வண்டி எண், எந்த பிளக்கில் மாட்டினோம், எத்தனை மணிக்கு மாட்டினோம், எத்தனை மணிக்குக் கழற்றினோம் என்ற நான்கு விவரங்கள் வேண்டும். நான்கிலும் பிளக் எண்தான் முக்கியம். சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக்குக்கும் பெயின்டால் எண் போடாமல் மேற்கொண்டு படித்துப் பயனில்லை.

காலை ஆறு மணிக்கு வண்டி பாதி சார்ஜில் நிற்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பேட்டரியைத் தொடும் முன் ஒரு வார நோட்டைப் புரட்டுங்கள். தினமும் அதே வண்டி பாதியில் நிற்கிறதா, தினமும் அதே பிளக்கில் மாட்டிய வண்டி நிற்கிறதா, அல்லது நாளுக்கொரு வண்டியா?

அதே வண்டி என்றால் அதன் பேட்டரியையோ சார்ஜரையோ சந்தேகிக்கலாம். பக்கத்து வண்டியின் சார்ஜரை ஓர் இரவு மாற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு சார்ஜர்களின் பெயர்ப்பலகையையும் படித்து, ஒரே வோல்ட், ஒரே வகை பேட்டரிக்கானவை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டக் கூடாது. குறை சார்ஜரோடு இடம் மாறினால் சார்ஜர்தான் பழுது. வண்டியிலேயே தங்கினால் பேட்டரி.

அதே பிளக், அல்லது வரிசையாக நான்கைந்து பிளக்குகள் என்றால் அந்த வரிசைக்கு மின்சாரம் கொடுக்கும் பேஸை (மும்முனை இணைப்பின் மூன்று மின்கம்பிகளில் ஒன்றை) பாருங்கள். மும்முனை இணைப்பில் ஒரு பேஸ் இரவில் போய்விட்டு விடியும் முன் திரும்பினால் யாருக்கும் தெரியாது. அந்த பேஸில் மாட்டிய வண்டிகள் மட்டும் பாதியில் நிற்கும். அதைவிட அதிகம் பார்க்கும் காரணம், கொட்டகைக்கு ஒயர் இழுத்தவர் எல்லா பிளக்கையும் ஒரே பேஸில் போட்டிருப்பது. 48 வோல்ட் அமில பேட்டரிக்கான சாதாரண சார்ஜர் ஒன்று 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். இருபது வண்டிகளை ஒன்றாக மாட்டினால் ஒரே பேஸில் 80 ஆம்பியருக்கு மேல். மூன்று பேஸிலும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். எல்லா வண்டியும் மாட்டியிருக்கும் நேரத்தில் கடைசி பிளக்கில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். மெயின் போர்டில் 225 காட்டி, கடைசி பிளக்கில் 185 காட்டினால் பழுது ஒயரில். பல சார்ஜர்கள் அந்த அளவில் தாமாகவே நின்று, வோல்டேஜ் ஏறியதும் மீண்டும் ஓடும். இரவு முழுக்க நின்று நின்று ஓடினால் காலையில் பாதிதான் ஏறியிருக்கும்.

நாளுக்கொரு வண்டி என்றால் காரணம் பெரும்பாலும் மனிதர்கள். பிளக் பதினைந்து, வண்டி இருபது. முதலில் மாட்டிய வண்டி நிறைந்ததும் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டியவர் இரவுக் காவலர். அது தன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைத் திட்டுவதைவிட ஐந்து பிளக் கூடுதலாகப் போடுவது மலிவு.

முழு சார்ஜ் காட்டுகிறது. இரண்டு தெரு தாண்டியதும் படுத்துவிடுகிறது

இங்கே முதலில் தெரிய வேண்டியது பேட்டரியின் வகை. இரண்டுக்கும் வழி வேறு.

ஈய-அமில பேட்டரி என்றால் முழு சார்ஜ் ஆகி, பிளக்கைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு அளக்க வேண்டும். கழற்றிய உடனே அளந்தால் எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரியாகத்தான் தெரியும். நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் 12.6-க்குக் குறையக் கூடாது. பிறகு ஹைட்ரோமீட்டர். ஒரு பேட்டரிக்கு ஆறு மூடிகள், நான்குக்கு இருபத்து நான்கு. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் அமிலத்தை உறிஞ்சி மிதவையைப் படியுங்கள். சட்டையில் ஒரு சொட்டு பட்டால் அடுத்த சலவையில் அங்கே ஓட்டை விழுந்திருக்கும். நல்ல அறை, தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும் எண்ணுக்கு அருகே, பெரும்பாலும் 1.25-க்கு மேல் காட்டும். இருபத்து மூன்று அறைகள் 1.26 காட்டி, ஒன்று மட்டும் 1.18 காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வண்டியை நிறுத்துவது அந்த ஓர் அறைதான். அறைகளுக்கிடையே 0.05 வித்தியாசம் வந்தாலே அந்த பேட்டரி போகும் வழியில் இருக்கிறது என்று பொருள்.

எல்லா அறைகளும் ஒரே சீராகக் குறைவாக இருந்தால் பேட்டரி செத்துவிடவில்லை. தொடர்ந்து அரைகுறை சார்ஜிலேயே ஓடியிருக்கிறது. அமில பேட்டரி முழுதாக நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் மிகக் குறைந்த மின்னோட்டமே போகும். அதனால் "நிறைந்துவிட்டது" என்று கழற்றிவிடுகிறார்கள். நாள்தோறும் அந்தக் கடைசிப் பகுதி விடுபட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும், கொள்ளளவு மாதத்துக்கு மாதம் சுருங்கும். வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு வண்டியும் கடைசி வரை சார்ஜ் ஆகட்டும்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் அநியாயம் தனி. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர். அலுவலகத்தில் இருக்கும் ஆர்.ஓ. குடிநீர் அதற்கு மாற்று ஆகாது, போர்வெல் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்பே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் விரிந்து வழியும். வழிந்தது தண்ணீர் மட்டும் அன்று, அமிலமும்தான். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. பெரும்பாலான வண்டிகளில் வருவது இரும்பு பாஸ்பேட் வகை. 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே அதன் வோல்டேஜ் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நிற்கும். மல்டிமீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. திரையில் தெரியும் சதவீதம் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் கணக்கு. வண்டி பல வாரம் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓடினால் அந்தக் கணக்கு பிசகும். ஓர் இரவு முழுதாக 100 வரை ஏற்றி, ஏறிய பின்னும் இரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். அறைகள் சமநிலைக்கு வரும், கணக்கும் சரியாகும். அதற்குப் பிறகும் படுத்தால் ஓர் அறை தளர்ந்திருக்கிறது. அது கம்பெனி திறந்து பார்க்க வேண்டிய பழுது. சீல் உடைத்தால் உத்தரவாதம் போய்விடும்.

மே மாதத்தில் மதியம் மட்டும் லித்தியம் வண்டி சார்ஜ் ஏற மறுத்தால் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். தகரக் கூரையின் கீழ், ஓடி வந்த சூட்டோடு நிற்கும் பேட்டரி, வெப்பம் தணியும் வரை தானே சார்ஜை நிறுத்தி வைக்கும். நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மாட்டுங்கள். அமில பேட்டரிக்கும் அது நல்லதே.

பேட்டரி வீங்கியிருந்தாலோ, சார்ஜில் இல்லாதபோதும் கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ சோதனை எதுவும் வேண்டாம். வண்டியை ஆட்கள் தள்ளி, திறந்த வெளியில், தரம் பிரித்த பிளாஸ்டிக் மூட்டைகளிலிருந்து எட்ட நிறுத்துங்கள். குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்க வேறு உதவி தேவையில்லை.

பிளக் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறுகிறது

சாக்கெட்டின் மூன்று துளைகளையும் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். பிளக்கின் அதே பக்கத்துப் பித்தளைக் குச்சி பளபளப்பு இழந்து கருநீலமாக இருக்கும். உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. சமையலறை மிக்ஸிக்குப் போடும் சாக்கெட்டில் தினமும் எட்டு மணி நேரம் மின்சாரம் ஓட்டினால் அதன் ஸ்பிரிங் ஓராண்டு தாங்குவதே பெரிது. சாக்கெட்டோடு பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய குச்சியைப் புதிய சாக்கெட்டில் சொருகினால் அதுவும் இரண்டு மாதத்தில் கருகும். மாற்றும்போது தொழிற்கூடங்களில் போடும் வட்ட வடிவ 16 ஆம்பியர் சாக்கெட்டாகப் போட்டுவிட்டால் இந்தப் பத்தியை மறுபடி படிக்க வேண்டியிருக்காது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று வண்டிகளை மாட்டும் வழக்கம் இருந்தால் அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

பிளக் எல்லாம் சரி, மெயின் போர்டில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்) இணைப்பு மட்டும் சுடுகிறதா? இது அதிகம் பேர் அறியாத ஆபத்து. விலை மலிந்த சார்ஜர்கள் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் விட்டுவிட்டு இழுக்கும். அதனால் மூன்று பேஸையும் சமமாகப் பிரித்திருந்தாலும் நியூட்ரலில் மூன்று பேஸின் ஓட்டங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டி ரத்தாகாது. பேஸில் ஓடுவதைவிட நியூட்ரலில் அதிகம் ஓடுவதும் உண்டு. கிளாம்ப் மீட்டரை நியூட்ரலில் மாட்டிப் பாருங்கள். பழைய கட்டடங்களில் நியூட்ரல் ஒயரைப் பாதி தடிமனில் போடும் வழக்கம் இருந்தது. அது கருகி அறுந்தால் சில பிளக்குகளில் 230-க்குப் பதில் 300, 350 வோல்ட் என ஏறிவிடும். ஒரே இரவில் நான்கைந்து சார்ஜர்கள் புகைந்தன என்று கேள்விப்பட்டால் மின்வாரியத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் நியூட்ரலைத் தேடுங்கள்.

மழைக்காலத்தில் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் தானாக வரும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. எல்லா வண்டியையும் கழற்றி, சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குறிப்பிட்ட வண்டியை மாட்டியதும் விழுந்தால் அதன் சார்ஜிங் துளையைப் பாருங்கள். குப்பைச் சாறு வழிந்து பச்சை பூத்திருக்கும். அல்லது மதியம் வண்டியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டியிருப்பார்கள். கழுவும் இடமும் சார்ஜ் போடும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் கழுவியபின் ஒரு மணி நேரம் கழித்தே மாட்டுவது என்று பலகை எழுதி வையுங்கள்.

எந்த வண்டியும் தனியாக விழவைக்காமல், பதினைந்தாவதையோ பதினாறாவதையோ மாட்டும்போது மட்டும் விழுகிறதா? எந்த வண்டியிலும் பழுதில்லை. ஒவ்வொரு சார்ஜரும் இயல்பாகவே கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும். எல்லாம் ஒரே 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பானின் கீழ் இருந்தால் அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து அதை விழவைக்கும். அது 30 வரை காத்திருக்காது, பாதி தாண்டினாலே விழலாம். வரிசைக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுவதுதான் தீர்வு. ஒரு ஒயர் துண்டைப் போட்டு அதை மீறி இணைக்கும் எலக்ட்ரீஷியனை மறுபடி உள்ளே விடாதீர்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று பிளக் மாட்டுபவர் ஒரு தூய்மைப் பணியாளர்.

கோடையில் நேர்மாறான தொல்லை. எர்த் குழி காய்ந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அளந்து பாருங்கள். இறங்கினால் குழியைப் புதுப்பிக்க வேண்டும். வாரம் ஒரு குடம் ஊற்றுவதை நிரந்தரத் தீர்வாக்கிவிடாதீர்கள். நான்கு சக்கர மின் வாகனங்களின் சுவர் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் தொடங்கவே மறுக்கும்.

சார்ஜர் வந்தது, வண்டியில் பொருந்தவில்லை

இது பழுது அன்று, டெண்டர். 'பாரத் டி.சி. 001' என்ற தரத்தில் வரும் 15 கிலோவாட் சார்ஜர், 100 வோல்ட்டுக்கு உட்பட்ட பேட்டரி கொண்ட வண்டிகளுக்கானது. அதைவிட உயர்ந்த வோல்ட்டில் ஓடும் நான்கு சக்கர வண்டிகளுக்கு சி.சி.எஸ். 2 இணைப்பு வேண்டும். சாதாரண மூன்று சக்கர வண்டிக்கு இரண்டுமே வேண்டாம், நல்ல சாக்கெட் போதும். வண்டிக்கும் சார்ஜருக்கும் தனித்தனி டெண்டர் விட்டால் இரண்டிலும் இணைப்பின் பெயரை எழுதுங்கள்.

வெயில் கொளுத்துகிறது, இன்வெர்ட்டர் பூஜ்யம் காட்டுகிறது

ஊரில் மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்வெர்ட்டர் என்பது தகட்டு மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றும் பெட்டி. மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், மின்தடை வந்ததும் தானே நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேன் உங்கள் மாடியிலிருந்து வரும் மின்சாரத்தில் சிக்குவார். "சோலார் இருந்தும் கரண்ட் போனால் வண்டி ஏன் சார்ஜ் ஆகவில்லை" என்று மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் சேமிப்பு பேட்டரியோடு வேறு வகை இன்வெர்ட்டர் வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

மின்சாரம் இருந்தும், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நின்று நின்று ஓடுகிறது என்றால் வேறு கதை. இன்வெர்ட்டர் திரையில் பதிவாகியிருக்கும் பிழைகளைப் படியுங்கள். உயர் வோல்டேஜ் என்று இருக்கும். அலுவலகம் மூடியிருக்கிறது, வண்டிகளும் மாட்டப்படவில்லை, உற்பத்தி முழுவதும் வெளியே தள்ளப்படுகிறது. ஒயர் நீளமாகவோ மெல்லியதாகவோ இருந்தால் தள்ளும் முனையில் வோல்டேஜ் ஏறும். 230-இல் பத்து சதவீதம் கூடினால் 253. அதை ஒட்டி இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும், சில நிமிடம் காத்திருந்து மறுபடி சேரும், மறுபடி கழலும். மின்மாற்றியிலிருந்தே 245 வருகிறதா என்று காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன் அளந்துவிடுங்கள். அப்படி வந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மின்மாற்றியின் டேப்பை (வெளிவரும் வோல்டேஜை ஏற்றி இறக்கும் அமைப்பை) மாற்றச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இன்வெர்ட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே உள்ள கேபிளைத் தடிமனாக்க வேண்டும். இன்வெர்ட்டரின் வரம்பை ஏற்றிவைத்துச் சமாளிப்பது சிலருக்குக் கைவந்த கலை. பக்கத்துக் கட்டடங்களின் விளக்கும் விசிறியும் அதற்கு விலை கொடுக்கும்.

செலவில்லாத வழியும் உண்டு. நண்பகலில் ஐந்தாறு வண்டிகளை மாட்டுங்கள். வோல்டேஜ் இறங்கும், மின்சாரமும் வீணாகாது.

தகடுகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ள ஒயரில் யாரும் கை வைக்க வேண்டாம். வெயில் இருக்கும் வரை அதில் பல நூறு வோல்ட் நேர் மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும். சுமையோடு இணைப்பைப் பிரித்தால் பொறி நீண்டு எரியும்.

உற்பத்தி மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். தெளிந்த வெயில் நாளில் மூன்றுக்கும் கீழே போனால் தேட வேண்டும். உரக்கிடங்குக் கூரை என்றால் தேட வேண்டியதே இல்லை. தூசியும் காக்கை எச்சமும்தான். விடிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் படியும், அழுக்கை விட அது மோசம். கழுவியும் ஏறவில்லை என்றால் மாலை நான்கு மணிக்கு மாடியேறி நிழலைப் பாருங்கள். தகடு வைத்த பிறகு கட்டிய மேல்நிலைத் தொட்டியோ வளர்ந்த வேம்போ இருக்கும். ஒரு வரிசையில் ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடும்.

எல்லாம் ஓடுகிறது, பில் மட்டும் குறையவில்லை

ஆணையரிடமும் செயல் அலுவலரிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைக்கும் பழுது இது. இதற்கு ஸ்பானர் உதவாது.

முதலில் இணைப்பு எண்ணைப் பாருங்கள். சோலார் இருப்பது அலுவலக மாடியில், ஓர் இணைப்பு எண்ணில். வண்டிகள் சார்ஜ் ஆவது ஊர்க் கடைசிக் கிடங்கில், வேறொரு இணைப்பு எண்ணில். மாடியில் விளைந்த யூனிட் கிடங்கின் பில்லில் தானாகக் கழியாது. சிரிக்காதீர்கள், பல உள்ளாட்சிகளில் ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. கிடங்கிலேயே தகடு வைப்பது அல்லது வண்டிகளை அலுவலக வளாகத்தில் நிறுத்துவது, இரண்டில் ஒன்றைச் செய்வதுதான் நேரடி வழி.

ஒரே இணைப்புதான் என்றால் நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம் காலை 6 மணிக்கும், மதியம் 1 மணிக்கும், மாலை 6 மணிக்கும் மீட்டரில் வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட் இரண்டையும் குறித்து வையுங்கள். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அமில பேட்டரி வண்டி ஒன்றுக்குச் சுவரிலிருந்து நாளுக்கு 5 முதல் 6 யூனிட் வேண்டும். இருபது வண்டிக்கு ஏறத்தாழ 110. அதற்கு 30 கிலோவாட் சோலாரின் 120 யூனிட் தாராளம் என்று காகிதத்தில் தெரியும். ஆனால் வண்டிகள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் ஒன்றரைக்குத் திரும்புகின்றன. அதற்குள் அன்றைய உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. திரும்பிய பிறகும் "ராத்திரி போட்டுக்கொள்ளலாம்" என்று நிறுத்தி வைத்தால் மிச்சமும் போயிற்று. பகல் முழுக்கக் கொடுத்துவிட்டு, இரவு முழுக்க வாங்குகிறீர்கள்.

இதனால் நட்டமா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழிக்கும் நெட் மீட்டரிங் என்றால் பெரிய பாதிப்பு இல்லை. கொடுத்ததற்குக் குறைந்த விலையும் வாங்கியதற்கு முழு விலையும் போடும் முறை என்றால், இரவு சார்ஜ் ஆகும் ஒவ்வொரு யூனிட்டிலும் அந்த வித்தியாசம் உங்கள் கையை விட்டுப் போகிறது. மத்திய மின் அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட சார்ஜிங் வழிகாட்டுதல்களில், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கும் மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணமாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கிடங்கு அந்த வகையில் வராவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது.

தீர்வு, மதியம் திரும்பிய வண்டியை உடனே மாட்டுவது. அமில பேட்டரிக்கு இது நன்றாகவே பொருந்தும். தொடக்கத்தில்தான் அது அதிக மின்னோட்டம் கேட்கும், அந்நேரம் வெயில் இருக்கும். இரவு வரை நீளும் கடைசிப் பகுதிக்குச் சொற்ப மின்சாரமே தேவை. லித்தியம் வண்டிகள் இருந்தால் இன்னும் வசதி. காலை பத்து மணிக்கு முதல் நடை குப்பையைக் கொட்ட வரும்போது, தேநீர் நேரத்தில் அரை மணி மாட்டலாம், பாதியில் கழற்றலாம். அமில வண்டியை அப்படிப் பாதியில் கழற்றிக் கழற்றி ஓட்டினால் மேலே சொன்ன சல்பேட் கதைக்குத் திரும்பிவிடுவீர்கள். பகலில் சேமித்து மாலையில் கொடுக்கும் தனி பேட்டரி மூன்றாவது வழி. பிரிட்டனில் நாட்டிங்ஹாம் மாநகராட்சி தன் ஈஸ்ட்கிராஃப்ட் பணிமனையில் சோலார், சேமிப்பு பேட்டரி, வண்டியிலிருந்தே மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் சார்ஜர் மூன்றையும் இணைத்திருக்கிறது. நம் ஊரில் மதியமே வண்டி திரும்பிவிடுவதால் அவ்வளவு தூரம் போகும் முன் பிளக் போடும் நேரத்தை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நேரமும் சரி, இணைப்பும் சரி, ஆனாலும் பில்லில் பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) அபராதம் என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறதா? சோலார் வந்ததால் வந்த வினை அது. வளாகத்தின் சுமை 20 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15 கிலோவாட்டை சோலார் கொடுத்துவிட்டால் மின்வாரியத்திடம் வாங்குவது 5 கிலோவாட்தான். மோட்டார்களும் சார்ஜர்களும் கேட்கும், வேலை எதுவும் செய்யாமல் போய் வரும் 'ரியாக்டிவ்' மின்சாரம் மட்டும் குறையாமல் முழுவதும் வாரியத்திலிருந்தே வருகிறது. மீட்டரின் கண்ணுக்குப் பவர் ஃபேக்டர் 0.46 ஆகிவிடும். அதை ஈடுகட்டும் மின்தேக்கி (கபாசிட்டர்) பலகையைத் தானியங்கி வகைக்கு மாற்றுவது ஒரு வழி. இன்வெர்ட்டரையே அந்த ரியாக்டிவ் மின்சாரத்தையும் கொடுக்கும்படி அமைப்பது இன்னொன்று. இரண்டாவதைச் சோலார் அமைத்தவரும் வாரியமும் சேர்ந்து செய்ய வேண்டும்.

கார்பன் கணக்கு இடிக்கிறது

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. இந்திய மின் தொகுப்பிலிருந்து வாங்கும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. நாளுக்கு மூன்று லிட்டர் குடித்த சிறு டீசல் வண்டியின் 8 கிலோவுக்குப் பதில், 5.5 யூனிட் இழுக்கும் பேட்டரி வண்டி முழுவதும் தொகுப்பு மின்சாரத்தில் ஓடினாலும் 4 கிலோவுக்குள் முடிகிறது. அதாவது சோலார் இல்லாமலே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மிச்சப் பாதிக்குத்தான் சோலார்.

அறிக்கையில் தவறு வருவது இந்த இடத்தில். மாடியில் விளைந்த 120 யூனிட்டைக் காட்டி "வண்டிகள் பூஜ்யம்" என்று ஒரு பக்கத்தில் எழுதுவார்கள். அதே 120 யூனிட்டை "அலுவலக மின் நுகர்வு குறைந்தது" என்று அடுத்த பக்கத்திலும் எழுதுவார்கள். ஒரு யூனிட்டை ஒரு முறைதான் கழிக்க முடியும். வண்டிகளுக்கு என்று தனியாக ஒரு துணை மீட்டர் போடுங்கள், விலை அதிகமில்லை. அதில் ஓடிய யூனிட் ஒரு பத்தி, சோலார் உற்பத்தி ஒரு பத்தி, வாரியத்திடம் வாங்கியது ஒரு பத்தி, கொடுத்தது ஒரு பத்தி. உற்பத்தியோடு வாங்கியதைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்தால் வளாகம் முழுவதும் செலவழித்தது வரும். அதில் துணை மீட்டரின் யூனிட்டைக் கழித்தால் மிஞ்சுவது அலுவலகம். அந்த எண் மாதாமாதம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றால் கணக்கு சரி. திடீரென்று தாவினால் யாரோ வண்டியை அலுவலக பிளக்கில் மாட்டுகிறார்கள்.